மாறிய முகவரி

தெப்ராவ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த நண்பன், அம்மாவின் சிகிச்சைக்கு உதவி கேட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் அனுப்பத் தன் டிஜிட்டல் நாணய முகவரியைப் போட்டான். நான் அனுப்பினேன். அடுத்த வாரம் அவன் போட்ட முகவரி வேறாக இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“இது வேற ஆளோட அட்ரஸ்லா, யாரும் அனுப்பாதீங்க” என்று எழுதினேன்.

“காசு வாங்குற வாலட் ஆப் ஒவ்வொரு தடவையும் புது அட்ரஸ் குடுக்கும்டா. எல்லாம் என் கணக்குக்குத்தான் வரும்” என்றான்.

யாரும் அனுப்பவில்லை. அவன் குழுவை விட்டுப் போனான். என் எண்ணையும் தடுத்துவிட்டான்.

பிறகு நான் பணம் வாங்கியபோது என் வாலட்டும் இரண்டாம் முறை வேறு முகவரியைக் காட்டியது. இரண்டிலும் வந்த பணம் ஒரே கணக்கில்தான் சேர்ந்தது.

அவனுடைய பழைய முகவரி என்னிடம் இருக்கிறது, இன்னும் செல்லும். அனுப்பும் பக்கத்தில் தொகைக்குக் கட்டம் இருக்கிறது. மன்னிப்பு எழுத இடமில்லை.