அம்மா கண்மூடிப் படுத்திருந்த பகல்கள்

அன்புள்ள மக்களே,

உங்கள் அம்மா போய் ஓராண்டு நிறைகிற இன்று, வந்திருக்கும் உறவினர்கள் எல்லோர் கையிலும் இந்தத் தாள் இருக்கும். ஆனாலும் நான் எழுதுவது உங்களுக்காகத்தான். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ரெண்டு வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்துபோகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒக்கூரில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்து, தம்பியை, அதாவது உங்கள் தாய்மாமனை, இடுப்பில் சுமந்தே வளர்த்தவர். நம் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு சோடி மாடும்தான் இருந்தன. மழை பொய்த்த வருஷங்களில் வந்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, தாம் நீராகாரம் குடித்துப் படுத்துக்கொள்வார்.

உங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். பேச்சு வந்த வயதில் அம்மை கண்டு போய்விட்டான். கொஞ்ச நாளில் அம்மாவின் அழுகை நின்றது. தேறிவிட்டார் என்று நினைத்தோம். பிறகு பேச்சும் நின்றது. தலை வாருவதில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். கோடாங்கி வந்து உடுக்கடித்து, காற்றுக் கறுப்பு என்று கயிறு கட்டிவிட்டுப் போனார். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனவர் கிணற்றுக்குள் பார்த்தபடி வெகுநேரம் நின்றார் என்று மேலவீட்டுப் பெரியம்மா வந்து சொன்னார். அதற்குப் பிறகு வீட்டை விட்டு எட்டப் போகவே எனக்கு மனம் வரவில்லை.

மாமன் அப்போது திருக்கோஷ்டியூரில் ஒரு சத்திரத்தில் சமையல் வேலை பார்த்தார். மழைக்காலம் முழுதும் அங்கே தங்கியிருந்த சாமியார்களிடம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் பழகியிருந்தார். அக்காவின் நிலையைக் கேட்டு வந்தவர், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, முதுகை நிமித்தி ஒக்காரு. மூச்சை மெள்ள இழு, மெள்ள விடு. வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா அசையவில்லை.

"மாப்பிள்ளை, சோறே திங்காத மனுசியை மூச்சைத் திங்கச் சொல்றீகளே," என்றேன்.

"சோறாக்கத்தான் அத்தான் எனக்கு நல்லா வரும். அதுக்கு அக்கா மசியலையே. இதையாச்சும் செஞ்சு பாப்பம்."

தினமும் எதிரே உட்கார்ந்து தாமே செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அம்மாவின் தோளும் அவரோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆசனங்கள். எல்லாம் முடிந்ததும் மல்லாந்து, கை காலைத் தளர்த்திக் கண்மூடிக் கிடக்க வேண்டும். சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. அதற்குச் சவாசனம் என்று பெயர். பிள்ளையை இழந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்து, மாமன் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஊரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

ஒரு மத்தியானம் மேலவீட்டுப் பெரியம்மா வறட்டித் துண்டோடு நெருப்பு வாங்க வந்தார். கூடத்தில் அம்மா தெற்கே தலைவைத்து ஆடாமல் கிடக்கிறார். வறட்டியைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார்.

"மகன் பின்னாலயே போயிட்டியே, என்னப் பெத்த ஆத்தா..."

மாட்டுக் கொட்டிலில் இருந்த நான் விழுந்தடித்து ஓடி வந்தேன். தெருப் பெண்கள் அதற்குள் வட்டம் கூடிவிட்டார்கள். அம்மா மூச்சை நிதானமாக விட்டு, கண் திறந்தார்.

"நெருப்பு அடுப்புல கெடக்குக்கா. எடுத்துக்கிருங்க."

"அடி பாதகத்தி, நாந்தாண்டி இப்பச் செத்துப் பொழச்சேன்," என்று பெரியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சிரித்தார். பிள்ளை போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அன்று முதல் பெரியம்மாதான் காவல். "படுத்திருக்கா, சத்தம் போடாதீக. அங்குட்டுப் போய்ப் பேசுங்க," என்று வாசலிலேயே ஆட்களைத் திருப்பிவிடுவார்.

துக்கம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். ஐப்பசி மழை இறங்கினால் அம்மா மறுபடி ஒடுங்கிவிடுவார். இதனால் மனசு ஆறுகிறதா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆறலைங்க. ஆனா அது பாட்டுக்கு இங்கன ஒக்காந்திருக்கும். நான் எந்திரிச்சுப் போயி உலை வச்சுருவேன்."

அப்படி எழுந்து வைத்த உலையில்தான் நீங்கள் எல்லோரும் வளர்ந்தீர்கள். மத்தியானத்தில் அம்மா ஏன் அப்படிப் படுக்கிறார் என்று கேட்பீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

நோயில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், வைத்தியரை வண்டி கட்டி அழைத்துவந்தவர்களுக்கும், கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. வேலையை விட்டுவிட்டு வந்து அக்காவின் காலடியில் இருந்த மாமனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மேலவீட்டுப் பெரியம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் மெலிந்திருந்த அம்மா, அன்று மத்தியானமும் மல்லாந்து கை காலைத் தளர்த்திக் கண்மூடினார். பக்கத்தில் நான் இருந்தேன். மூச்சு மெள்ள மெள்ளக் குறைந்து நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மா நிலைப்படி வரை வந்து பார்த்தார். பின்னால் வந்த பெண்களைக் கையமர்த்தினார்.

"எந்திரிக்கட்டும் தம்பி. நான் நிக்கிறேன்," என்றார்.

வெகுநேரம் நின்றார். நானும் அவரை நிற்கவிட்டேன். வெயில் முற்றத்தை விட்டு ஏறிய பிறகுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"மதினி, இனி நீங்க அழுகலாம்."