நம்தா நனைந்த மாலை

போன வாரம் மகன் காஷ்மீர் சுற்றுலா போய்விட்டு எனக்கென்று ஒரு கம்பளம் வாங்கி வந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வெக்கையில் கம்பளத்தை விரித்தால் கால் வேர்க்கும் என்று அவனிடம் யார் சொல்வது? பால்கனியில் போட்டு வைத்தேன். சாயங்கால மழைச் சாரல் பட்டதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது பாருங்கள், ஈர ஆட்டு வாடை. உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஏழாவது மாடியில், எண்பது வயதில்.

காரணம் சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

எனக்குக் கல்யாணம் ஆனது வெள்ளைக்காரன் காலத்தில். ஜப்பான்காரன் வர இன்னும் சில வருஷம் இருந்தது. என் சித்தப்பாவுக்குக் கோலாலம்பூரில் ஒரு துரையின் குதிரை லாயத்தில் வேலை. கூட வேலை பார்த்த காபூல்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நம்தாவைக் கெஞ்சி வாங்கி சித்தப்பா எனக்குச் சீராகக் கொடுத்தார். நம்தா என்பது நெய்த கம்பளம் இல்லை. ஆட்டு ரோமத்தைப் பாயில் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டி, மிதித்துக்கொண்டே இருந்தால் ரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமாம். சாயம் கிடையாது. ஆட்டின் பழுப்பும் கறுப்பும்தான். மலையில் இஷ்டத்துக்கு மேய்ந்த ஆடுகள் என்று காபூல்காரர் சொன்னதற்குச் சாட்சியாக ஏதோ புல்லின் முள்விதைகள் உள்ளேயே சிக்கிக் கிடந்தன. அவற்றைப் பிடுங்கியே என் புதுப்பெண் மத்தியானங்கள் கழிந்தன.

வீட்டுக்காரர் ரயில்வே கேட்மேன். ரவாங் ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு கேட், பக்கத்தில் எங்கள் ஒற்றைப் பலகை வீடு. நானோ பிரிக்பீல்ட்ஸ் லயத்து வரிசை வீட்டில், அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள். அங்கே தவளையும் வண்டும்தான் பேசின. வாழைக்காய் கொண்டுவரும் மலாய்க்காரர், அந்தி நேரத்தில் வெளியே நிற்காதே, 'டத்தோ' நடமாட்டம் இருக்கிறது என்பார். புலி என்று பெயர் சொன்னால் வந்துவிடுமாம், அதனால் தாத்தா என்று மரியாதைப் பெயர். இன்றைக்கு டத்தோ பட்டம் வாங்கியவர்கள் பெரிய காரில் போகிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்த ஓடுவேன். கதவுத் தாழ்ப்பாள் வேறு உடைந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடுறேன் புள்ள" என்பார் அவர். ஞாயிறுகள் வந்து போயின.

ஒருநாள் கூரை ஒழுகி நம்தா நனைந்துவிட்டது. வீடெல்லாம் ஆட்டுக் கொட்டில் வாடை. மழை விட்டதும் வாசல் புல்லில் விரித்தேன். சாயங்காலம் அவர் கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சிக்னல் விளக்கேற்றப் போனார். நம்தாவை எடுக்கக் கதவைத் திறந்தேன். அதன்மேல் புலி படுத்திருந்தது.

பூனை மாதிரி முகத்தை நம்தாவில் தேய்த்துக்கொண்டிருந்தது. கத்த வாய் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவர் திரும்பி வரும் நேரம். கைக்கு எட்டிய மண்ணெண்ணெய் டின்னைக் கரண்டியால் தட்டினேன். புலி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. தேத்தண்ணி ஆனதும் அவரைக் கூப்பிட நான் தட்டுவது அதே டின்தான்.

விளக்கை ஆட்டிக்கொண்டு வேகமாக வந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வந்ததும் பார்த்துவிட்டார். நின்றார். என்னையும் பார்த்தார். புலி அவர் பக்கம் திரும்பியது. அந்த நேரம் சரக்கு ரயில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு நடுவே நுழைந்தது. நான் கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன், இடுக்கு வழியாக ரயில் மட்டும்தான் தெரிந்தது. பெட்டிகள் தீரவே இல்லை. தீர்ந்ததும் எட்டிப் பார்த்தேன், புலி இல்லை. நம்தா இல்லை. எதிரே அவரும் இல்லை, விளக்கு மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, விதவையாகிவிட்டேன் என்றே ஜெபமாலை உருட்டினேன். விடிந்தபின் தண்டவாளத்தில் தள்ளிவரும் டிராலியில் நாலு ஆட்களோடு வந்து இறங்கினார், ஒரு கீறல் இல்லாமல். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறிப் போயிருக்கிறார்.

"ஆட்டு வாடைக்குத்தான் வந்திருக்கு" என்றார் வந்தவர்களில் ஒருவர். காட்டோரத்தில் நம்தா பிய்ந்து கிடந்தது.

"ஆள் கூட்டிட்டு வரத்தான் போனேன். இருட்டுல யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. நீதான் வீட்டுக்குள்ள இருந்தியே" என்றார் அவர்.

"தாழ்ப்பாள் இல்லையே" என்றேன்.

சுத்தியலைத் தேடி எடுத்தார். தாழ்ப்பாளோடு குறுக்குக் கட்டையும் அடித்தார்.

பிறகு சாகும்வரை நல்ல மனுஷனாகத்தான் இருந்தார். ஆனாலும் அவர் படியிறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம். அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்றா, என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றா, எனக்கே தெரியாது. அவரும் படுக்கப்போகுமுன் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார், என் முகத்தைப் பார்க்காமல். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

சாரல் அடித்த மறுநாள் மகனைக் காரில் அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் போட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகள். எங்கள் வீடு எங்கே இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.

"இங்கயா புலி வந்துச்சு?" என்று சிரித்தான். "அப்பா என்ன செஞ்சார்?"

"உதவிக்கு ஆள் தேடி ஓடினார்" என்றேன்.

இல்லையென்று சாட்சி சொல்ல அங்கே ஒரு மரம்கூட மிச்சமில்லை.