உள்ளே ஒரு பேச்சு, தெருவுக்கு ஒரு பேச்சு

மாமாவை எல்லோரும் ‘மைக் செட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் முதல் தேர்தலில் நின்றபோது அவர் பேச்சைக் கேட்கத் தெருநாய்கூட நிற்கவில்லை. அன்றும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் மாமாதான். அந்த முறை தோற்று, அடுத்த இரண்டு முறை ஜெயித்து, தலைநகரில் பங்களா வந்த பிறகும் செட் மாமாவுடையதுதான்.

மதக் கட்சி. அதனால் உறுப்பினருக்கு இரண்டு பேச்சு. தெருவுக்குச் சாலை, தண்ணீர், எல்லோரும் ஒரு தாய் மக்கள். அது முடிந்ததும் பிரார்த்தனைக் கூடத்துக்குள் நம்மவர்களுக்கு மட்டும் இன்னொன்று. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே மாமா வெளிக் குழாய்களை அணைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் பேசும்.

“உள்ள அப்படி என்னதான் பேசுறாரு?” என்பாள் அத்தை.

“சத்தம் தெளிவா வருதான்னு பாப்பேன். சேதி என்னன்னு பாக்கறது என் வேலையில்ல.”

எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

நான்காவது தேர்தலில் சேதி மாமா காதிலும் விழுந்துவிட்டது.

மாமாவின் மகள் ஆடைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கூட்டம் இல்லாத மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். அன்று மாலை கூடத்துக்குள் உறுப்பினர் சொன்னார்: “ராத்திரி வேலைக்குப் போற பொண்ணு காலையில என்னவா திரும்பி வருதுன்னு நமக்குத் தெரியாதா? ஜெயிச்சா முதல் மசோதா அதுதான். பொழுது சாஞ்சா பொண்ணுங்க வீட்டுல இருக்கணும்.”

சிரித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தந்தவள் மாமாவின் மகள்.

மாமா எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டி வெளிக் குழாய்களைப் போட்டார்.

மீதிப் பேச்சு முழுக்கத் தெருவில் விழுந்தது. ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள், அவர்களோடு அவளும், தங்களுக்கு உள்ளே என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். கட்சிக்காரன் ஒருவன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான்.

“பைத்தியமாண்ணே உனக்கு?”

“நல்லதுதானே சொல்றாரு. ஊரும் கேக்கட்டும்.”

தோற்றுவிடுவார் என்று நம்பினோம். முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். “மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கிடையாதுய்யா அவருக்கு” என்றார்கள் டீக்கடையில். இத்தனை வருஷம் இரண்டு வாயோடு திரிந்த ஆளை.

வெற்றிக் கூட்டத்துக்குக் கூப்பிட அதே கட்சிக்காரன் வீடு தேடி வந்து, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“தலைவருக்கு உன்மேல கோவமே இல்லண்ணே. இனி உள்ள வெளியன்னு பிரிக்க வேணாமாம். எல்லாமே தெருவுக்குத்தான். நாலு குழாய் கூடவே கட்டச் சொன்னாரு.”

மாமா கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

“குழாய் இருக்கு. கட்டறதுக்கு ஆள் இல்ல.”

“நீ இருக்கியே.”

“நான் இல்ல.”

மகள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். “மசோதா எப்ப வருது?”

“அடுத்த கூட்டத்தொடர்லம்மா.”

“அப்ப இன்னிக்கு ஷிப்ட் உண்டு. கால மடக்குங்க.”

அவன் மடக்கிக்கொண்டான். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்க்கப் பார்க்க.