செத்தவன் பேரில் ஏறிய வழக்குகள்

ஒரு தண்டனை ஒருவன் பேரில் எத்தனை காலம் ஒட்டியிருக்கும் என்று என் அண்ணன் கேட்டபோது, நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. விதிமுறை முழுவதும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவன். சுதந்திரம் வந்த புதிதில், ராயபுரம் பக்கம் கூலிகள் ஓய்வு நேரத்தில் காசு வைத்துச் சீட்டாடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு மாதாமாதம் வழக்கு வேண்டும். எல்லோரையும் பிடித்தால் கப்பல் வேலை நின்றுவிடும். ஆகவே ஏட்டு கேட்டதும் கும்பல் முறைவைத்து ஓர் ஆளை அனுப்பும். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வருவான். யார் போனாலும் சொல்லும் பெயர் ஒன்றே: கடலில் விழுந்து செத்துப்போன ஒரு கூட்டாளியின் பெயர். செத்த பிறகு அவனளவுக்குச் சட்டத்தை மீறியவர் பட்டணத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அண்ணன் முறை வந்தபோது மட்டும் பிசகிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் தனக்கும் அதே கதி வருமோ என்று பயந்து, சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டான்.

சில ஆண்டுகள் கழித்து அவனைத் துறைமுகத்திலேயே உத்தியோகத்துக்கு எடுத்தார்கள். நன்னடத்தை விசாரிக்க அதே ஏட்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். உண்மை சொன்னால் வேலை இன்றே போகும். பொய் சொன்னால், கண்டுபிடிக்கப்படும் நாளில் போகும்.

"கேசு கீசு எதுனா கீதா நைனா?"

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏட்டே சிரித்தார்.

"உங்க செட்டுல எவன் மாட்டினாலும் செத்தவன் தலையிலதானே கட்டுவீங்க. உன் பேர்ல இன்னா இருக்கப் போவுது?"

பதிவேட்டைப் புரட்டும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல், 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் கதவைச் சாத்தினான். "எப்போடா அத்த கிழிப்பாங்க?"

"கோர்ட்டுல இருக்கிற கேசுக் கட்ட சில வருஷத்துல எரிச்சிடுவாங்கண்ணா. ஸ்டேஷன் பதிவேடு அப்படியே இருக்கும்."

"எது வரிக்கும்?"

"நீ இருக்கிற வரைக்கும்."

"ஆறுதல் சொல்றான் பாரு, படிச்சவன்."

வேலையில் புரபேஷன் முடியும்போது மறுபடி விசாரிப்பார்கள் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் அண்ணன் அந்த ஏட்டு நிற்கும் துறைமுக கேட்டை விட்டு, சுற்றுவழியில் வேலைக்குப் போனான். அவருக்கு மாற்றல் வர வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். மாற்றலும் வந்தது. அன்று முகம் வெளிறி வீட்டுக்கு வந்தான்.

"நல்லதுதானேண்ணா?"

"இன்னாடா நல்லது? அவருக்கு எங்களத் தெரியும், அதான் பொஸ்தகத்தத் தொறக்கல. புச்சா வர்றவரு பொஸ்தகத்தத்தான் பாப்பாரு."



மறுவிசாரணைக்கு யாரும் வரவில்லை. விதிப்படி அது பிழை. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு மட்டும் வந்தது. ஆனாலும் தெருவில் சைக்கிள் மணி கேட்டால், மணி எங்கள் வாசலைத் தாண்டும் வரை அண்ணன் சோற்றில் கை வைக்கமாட்டான். விதிமுறை தெரிந்த நானும்தான்.