ஸ்கோர் சார் தோண்டிய ஆடுகளம்

மாவு சலிக்கும் சல்லடையில் ஸ்கோர் சார் மண் சலித்துக்கொண்டிருக்கிறார். "அது சமையல் சாமான்ங்க" என்று மனைவி எத்தனை முறை சொன்னாலும் உறைத்தால்தானே? சல்லடையில் தங்கும் ஓட்டுச் சில்லு, துருப்பிடித்த ஆணி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பள்ளிப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் ஏற்றுவார். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த கை. ஆஜர் எடுக்காவிட்டால் அரிக்கும்.

ஊரின் கிரிக்கெட் வரலாறு மொத்தமும் அவர் தலைக்குள் இருக்கிறது. மற்றதற்கு அங்கே இடமில்லை. கல்யாண நாள் எது என்று கேட்டால், "மழையால நின்னுபோன ஃபைனலுக்கு மறுநாள்" என்பார்.

"அந்த மழை இன்னொரு நாள் பெஞ்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள் மனைவி.

ஓய்வு பெற்ற வருஷம், பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த, ஊரின் முதல் மேட்சின் ஸ்கோர் புத்தகம் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அந்த மேட்ச் நடந்தது தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில்தான் என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பார்த்தால், அதே பொட்டலில் வண்டி நிறுத்தும் கட்டடம் கட்ட நகராட்சி கிளம்பியது.

தடுக்கப் போனவரைப் பார்த்து நகராட்சி இன்ஜினியர் சிரித்தார். "நீங்க எழுதிட்டா பொட்டல் மைதானம் ஆயிடுமா சார்? ஆடுகளத்தைத் தோண்டிக் காட்டுங்க, வேலையை நிறுத்துறேன். வெள்ளிக்கிழமை மிஷின் வந்துடும்."

மூன்று குழி தோண்டினார். மூன்றிலும் மணலும் குப்பையும்தான். வியாழக்கிழமை காலை, குழி ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி கீழே பார்த்தாள். பொட்டல் முழுக்க மழைக்கு முளைத்த புல் பச்சையாக இருக்க, தூரத்தில் ஒரு பட்டை மட்டும் பாய் விரித்த மாதிரி நீளமாகக் காய்ந்து கிடந்தது. ஈரத் துணியோடு இறங்கி ஓடினாள்.

"ஏங்க, நீங்க எதை வெச்சுங்க இங்க தோண்டுறீங்க?"

"சிக்ஸர் பொட்டல் ஓரத்துக் கிணத்துல விழுந்துச்சுன்னு ஸ்கோர் புக்ல எழுதியிருக்கு. ஒருத்தன் எவ்வளவு தூரம் அடிப்பான்னு கணக்குப் போட்டு, கிணத்துலேருந்து அளந்தேன்."

"எவன் அடிக்கிற தூரம்?"

சார் தயங்கினார். "என்னை வெச்சுத்தான்…"

"நல்லா இருக்கு! ஜென்மத்துக்கும் ஒரு ஃபோர் அடிச்சதில்ல, உங்களை வெச்சா சிக்ஸருக்கு அளவு? அவன் ஆம்பளையா அடிச்சிருக்கான். அங்க பாருங்க, புல்லு காஞ்சு கிடக்குது. அடியில கெட்டியா ஏதோ இருக்கு, வேர் இறங்கல."

சார் எழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி குழிக்குள் விழுந்தது. எடுக்கக்கூட நிற்கவில்லை.

முழங்கை ஆழத்தில் களிமண் தளம் தட்டியது. உருளை போட்டு இறுக்கிய கருப்புக் களி, சிமெண்டுத் தரை மாதிரி. பொழுது சாயும் முன் ஒரு முனையில் மணல் அடைத்த மூன்று வெளிர் வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஸ்டம்ப் நட்ட குழிகள். மனைவியின் தையல் டேப்பை வைத்து ஓரத்துக்கு ஓரம் அளந்தார்.

"எட்டு அங்குலம்! இப்ப ஸ்டம்ப் வரிசையோட அகலம் ஒன்பது. எட்டுங்கறது பழைய கிரிக்கெட் சட்டம்மா, பழைய சட்டம்!"

"கத்தாதீங்க. அந்த முனையையும் பாருங்க முதல்ல."

பிட்ச்சின் நீளமான இருபத்திரண்டு கஜம் தள்ளித் தோண்டினார்கள். அங்கேயும் மூன்று வட்டம்.

வெள்ளிக்கிழமை காலை மிஷின் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இன்ஜினியர் இறங்கி, கயிறு கட்டிய பள்ளத்துக்குள் பூட்ஸ் காலோடு குதித்து, நடுவாக நடக்க ஆரம்பித்தார்.

"யோவ், பிட்ச் மேல மிதிக்காதே!"

வாத்தியார் குரல். முப்பத்திரண்டு வருஷம் கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல். மிஷின்காரன் இன்ஜினை அணைத்தான். இன்ஜினியர் அப்படியே உறைந்து நின்று, காலுக்குக் கீழே பார்த்து, பிறகு ஒரு காலை மெல்லத் தூக்கி வெளியே வைத்து, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆடுகளத்தின் ஓரமாகச் சுற்றி நடந்து வந்தார்.