பயறு கட்டிய பக்கங்கள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியாராகப் போகிறவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் எம்புட்டு நாளைக்குப் படிப்பு?" என்பதுதான். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையிலிருந்த அப்பா பயந்துகொண்டே, "ஒரு ஆய்வுக் கட்டுரைதாங்க பாக்கி. எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிரும்" என்றார். எழுதட்டும், தடையில்லை என்றார்கள். அந்த வாக்கின்மேல்தான் கலியாணம் நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது.

பதுளைக் கடைத்தெருவில் கீழே அவர்களுடைய மளிகைக் கடை, மேலே வீடு. பகலில் பெண்கள் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தேன். மாலையில், கண்டியிலிருந்த என் பேராசிரியர் தபாலில் அனுப்பும் கட்டுரைப் பிரதிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

நான் படித்த பாடப்புத்தகங்கள் குவாண்டம் புலங்களை வெப்பமே இல்லாத வெறும் வெளியில் வைத்துத்தான் பேசின. உலகம் அப்படி இல்லை. சூடு இருக்கும் இடமெல்லாம் துகள்கள் நெரிசலாக இருக்கின்றன. கணக்கில் அந்த நெரிசலையும் சேர்த்தாக வேண்டும். குளிர்ந்த புலம் இரண்டு பள்ளங்களில் ஏதோ ஒன்றில் போய் உட்காரும். போதுமான அளவு சூடாக்கினால் நடுவிலுள்ள மேடு கரைந்து ஒரே பள்ளமாகிவிடும். பிரபஞ்சத்தின் முதற்கணங்கள் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்கள். அது ஆறியபோது மாற்றம் மெல்ல மெல்ல நடந்ததா, தண்ணீர் உறைவதுபோலச் சட்டென்று நடந்ததா? இதுதான் என் கேள்வி. அந்த வெப்பநிலைக்குப் பக்கத்தில் எளிய கணக்கு தவறிவிடும். வளையம் வளையமாக முடிவில்லாமல் வரும் உறுப்புகளை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

"சூடானா என்ன, ஆறினா என்ன? சோறு பொங்க இதெல்லாம் வேணுமா?" என்பார் என் கணவர், கடையில் ஆட்கள் இருக்கும்போது, சத்தமாக. எனக்கென்று சீரில் வந்த மேசையை மாமியார் கீழே இறக்கிக் கடையில் போட்டுவிட்டார். ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் வைத்து எழுதினேன். எழுதியதை அதற்குள்ளேயே போட்டுவைத்தேன்.

இலங்கை முழுக்கத் தட்டுப்பாடு. அரிசி பங்கீட்டில். பாண் ரொட்டிக்கு வரிசை. தோட்டங்களில் ஜனங்கள் கீரையை அவித்துத் தின்றார்கள். கடைகளில் பொட்டலம் மடிக்கப் பழைய பத்திரிகைக்குக்கூடப் பஞ்சம்.

ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ஒரு பொட்டலத்தோடு கடைப் படியிறங்கினாள். பொட்டலத்தின்மேல் என் கையெழுத்து.

"அக்கா, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "காசு குடுத்துத்தான் வாங்கினேன், டீச்சரம்மா."

"பயறு உங்களுக்குத்தான். எனக்குப் பேப்பர் மட்டும் போதும்."

பயறை முந்தானையில் கொட்டினாள். நாலைந்து மணி சாக்கடைக் கானோரமாக உருண்டது. தாளை என்னிடம் நீட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

உள்ளே, தராசுக்கு மேலே தொங்கிய கம்பியில் என் தாள்கள் குத்தப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்து இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார் கணவர்.

"என்னங்க இது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"என் வீட்டுல கெடக்குற சாமானுக்கு உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? மண்டையில இருந்ததைத்தானே எழுதின? திரும்ப எழுது."

கல்லாவில் இருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னார்: "ரெண்டு பக்கமும் எழுதிருக்க. மை பயறுல ஒட்டுதுன்னு ஆளுக சத்தம் போடுறாக. இனிமே ஒரு பக்கமா எழுதும்மா."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உற்சாகமாகி, கணவர் இன்னொரு தாளைக் கூம்பாகச் சுருட்டி உப்பைப் போட்டார். "இந்தா, எம்எஸ்சி படிச்ச உப்பு!" சிரிக்காமல் நின்றவர் பக்கத்துப் புடவைக் கடை முதலாளி ஒருவர்தான். பிற்பாடு பண்டாரவளையில் தன் தங்கை வீட்டில் எனக்கு ஓர் அறை பேசித் தந்ததும் அவர்தான்.

அந்த ஊருக்கு வேலை மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களின் வெற்றுப் பக்கங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மண்டையில் இருந்தது என்று அவர் சொன்னது பொய். பாதிக்கு மேல் நினைவில் இல்லை. எங்கே குறி மாறுகிறது என்று தெரியாமல் ஒரே கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். "ஊரே சிரிக்குது. கெளம்பு."

"கட்டுரை முடியட்டுங்க."

"முடிஞ்சா என்ன? அந்தச் சூட்டை எவன் தொட்டுப் பாக்கப் போறான்?"

ஒருவராலும் முடியாது என்பது உண்மை. கொடுத்த தேநீரைக் குடிக்காமலே போனார். அடுத்த வருஷம் தன் மாமன் மகளைக் கட்டிக்கொண்டார்.

முடித்த கட்டுரையோடு கண்டிக்குப் போனபோது பேராசிரியர் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு சஞ்சிகையை எடுத்து வந்து விரித்து வைத்தார். எங்கோ வெளிநாட்டில் இரண்டு பேர் அதே கூட்டலை முடித்திருந்தார்கள். மாற்றம் சட்டென்றுதான் நடக்கிறது. அவர்களுக்கும் எனக்கும் ஒரே விடை.

"பட்டம் கிடைக்கும். ஆனா இது இனிப் புதுசில்லை" என்றார். "ஏன் இவ்வளவு சுணங்கினது?"

"பேப்பர் கிடைக்கேல்லை, சேர்."

அவர் நம்பவில்லை. சோம்பலுக்கு நான் சொல்லும் சாக்கு என்று நினைத்திருப்பார். சஞ்சிகையை மூடினார்.

பட்டச் சான்றிதழ் வந்ததும் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார். வெளியே நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, என் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இதைக் காட்டினா திரும்பச் சேத்துக்குவாங்களா?"

"இல்லப்பா. அவருக்கு வேற கலியாணம் ஆயிருச்சு."

தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "வழிய விட்டு நில்லு" என்றார். பிறகு என் தோளுக்கு மேலாக அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.