போகித் தீயில் போன கருந்துளை

என் மகள் பதினைந்து நிமிட உரை ஒன்றை எழுதிவைத்திருந்த தாள்களை நான்தான் எரித்தேன். தொண்ணூறுகளில், ஒரு போகியன்று காலையில். இன்றும் காகிதம் கருகும் வாடை வந்தால் என்ன எரிகிறது என்று எழுந்து போய்ப் பார்ப்பேன்.

அப்போது மலேசியாவில், சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசர். தோட்ட ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் என் வேலை. அங்கே பழைய நோயாளிச் சீட்டுகள் குவிந்து கிடக்கும். முன்பக்கம் இருமல், வயிற்றுவலி என்று என் கையெழுத்து, பின்பக்கம் வெற்றுத்தாள். மகள் சிறுவயது முதல் அந்தப் பின்பக்கத்தில்தான் கணக்குப் போட்டு வளர்ந்தாள். இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் அவள் கோலாலம்பூரில் ஒரு தேர்வுக் குழுவின் முன் பேச வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். தலைப்பு கருந்துளை. அதில் விழுந்த எதுவும் திரும்பாது. ஆனால் கருந்துளையே கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை உமிழ்ந்து, சுருங்கி, மறைந்துவிடுமாம். அந்த வெப்பத்தில், உள்ளே விழுந்தது என்ன என்பதற்கு அடையாளமே இல்லை. அப்படியானால் அந்த விவரம் எங்கே போயிற்று? இயற்பியல் விதிப்படி எந்த விவரமும் அடியோடு அழியக் கூடாது. எரிந்த தாளின் எழுத்தைக்கூட, புகை, சாம்பல், சூடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திரட்டினால் மீட்டுவிடலாமாம். இந்த விஷயத்தில் அறிஞர்கள் நான்கு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

ஒரு வாரம் மாலைதோறும் அவள் வராந்தாவில் நின்று பேசிப் பழகினாள். நாடி பிடிக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் நேரம் பார்த்தேன். “அப்படி முழிக்காதீங்க, புள்ள பயந்துடும்” என்றாள் மனைவி.

போகியன்று பழையன கழிக்கும் உற்சாகத்தில் வீட்டிலிருந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போய், ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணிக்கட்டுகளை எரிக்கும் டிரம்மில் கொட்டித் தீ வைத்தேன். மேலே இருந்த சீட்டில் ‘இருமல்’ என்று இருந்தது. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

காலைப் பசியாற உட்கார்ந்தபோது மகள் பெட்டியைத் தேடினாள். உண்மையைச் சொன்னதும் அவள் போய் டிரம்மை எட்டிப் பார்த்தாள். உரையின் பொருள் அவளுக்குத் தெரியும். நாள்கணக்கில் இழைத்து வைத்த வரிசையும் சொற்களும்தான் போயின. பதற்றத்தில் முதல் வரிகூட வரவில்லை என்றாள்.

“எரிச்சாலும் எதுவும் அழியாதுன்னு நீதானேம்மா சொன்னே” என்று உளறினேன்.

அவள் ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினாள். “அது கணக்குலப்பா. இந்த டிரம்முல இல்ல லா.”

மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மகளும். அப்புறம் ஒரு சீட்டை எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டு, “ஒரு வாரமா கேட்டீங்கல்ல? சொல்லுங்க” என்றாள்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னேன். முதல் கட்சி: தொலைந்தது தொலைந்ததுதான், விதியைத்தான் திருத்த வேண்டும். இரண்டாவது: வேர்வையில் உப்பு வருவதுபோல, அந்த வெப்பத்தோடு விவரமும் நுணுக்கமாகக் கலந்து வெளியே வருகிறது. மூன்றாவது: எல்லாம் ஆறினாலும் ஒரு சிறு தழும்பு மிஞ்சும், முழுக் கதையும் அதற்குள் இருக்கும். “அவ்வளவு சின்னதுக்குள்ள அவ்வளவும் அடங்குமான்னு கேப்பாங்க, அதை விட்டுட்டீங்க” என்று திருத்தி எழுதிக்கொண்டாள். நான் தப்பாகச் சொன்ன இடங்களில்தான் அவளுக்குச் சரியானது வேகமாக நினைவுக்கு வந்தது.

நான்காவது எனக்குத் தெரியவில்லை. அதை முந்தின நாள் இரவு, பேசிப் பழகி முடித்த பிறகுதான் சேர்த்திருந்தாள்; நான் கேட்டதே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பால்மரத் தொழிலாளி காலில் கத்திக் காயத்தோடு வர, நான் எழுந்து போய்விட்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் பஸ் புறப்பட்ட பிறகும் அவள் அந்த நான்காவதைத்தான் தாளில் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வழியில் என் முழங்கையை இடித்து, நான்காவது கட்சியைச் சொன்னாள். வெளியே நிற்பவர் பார்த்தால், விழுந்த பொருளின் விவரம் விளிம்பிலேயே பரவி நின்று வெப்பத்தோடு திரும்பி வருகிறது. கூடவே விழுகிறவருக்கோ விளிம்பில் எதுவுமே நடக்கவில்லை. இரண்டும் சரி, ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

“ரெண்டு பேரும் சரின்னா சண்டையே இல்லையே” என்றேன்.

“அதுக்குத்தான்பா சண்டையே.”

தேர்வுக் குழுவின் அறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்து என் நாடியை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வேகம் ஒரு நோயாளிக்கு இருந்தால் படுக்கச் சொல்லியிருப்பேன். வெகுநேரம் கழித்துச் சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். முதல் மூன்றைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையாம். நான்காவதைத்தான் குடைந்திருக்கிறார்கள். பஸ்ஸில் போட்டதை அப்படியே பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று மனைவி சொன்னாள்: “அப்ப நீங்க கேட்காத பகுதிதான் புள்ளையக் கரை சேர்த்திருக்கு.”

அடுத்த போகிக்கு மகள் வெளிநாட்டில் இருந்தாள். டிரம் பக்கம் போகும் முன் சீட்டுகளை ஒவ்வொன்றாக இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் எல்லாம் இருமல்தான், பின்பக்கம் எல்லாம் வெற்றுத்தாள்.